கருவிக்குக் கட்டளை

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளுக்கு நீரிறைக்கும் இயந்திரம் வருவதற்கு முன், துலாவினால் இறைத்த காலத்தில், ஓர் இறைப்புக்கு மூவர் வேண்டியிருந்தனர். ஒருவர் துலாவின்மீது ஏறி முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். மூன்றாமவர் வாய்க்காலின் மறுமுனையில் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறுவார். புகையிலை வளர்ந்துவிட்ட நாளில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. வாய்க்கால் உடைத்துக்கொண்டாலும், கடைசிப் பாத்தி நிறைந்துவிட்டாலும், தண்ணீர் மாறுபவர் குரல் கொடுப்பார், துலா நிற்கும். நெடுநேரமாகக் குரலே வரவில்லையெனின், கிணற்றடியில் நிற்பவர் பட்டையை வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பார்.

தொலைவில் இருப்பதை இயக்குவதில் உள்ள சிக்கல் முழுவதும் இம்மூவரிடத்தே அடங்கிக் கிடக்கின்றது. சொல் போய்ச் சேரவேண்டும். கேட்டவர் கேட்டதைக் காட்டவேண்டும். சொல் வராதபோது செய்யவேண்டியது முன்னரே தெரிந்திருக்கவேண்டும். ஆய்வுகூடத்தில் உள்ள அளவைக் கருவி ஒன்றைக் கணினியுடன் இணைத்து, கையால் தொடாமல் இயக்கும் முறையைப் பற்றிப் பேசுவோர், முதலிரண்டையும் விரிவாகச் சொல்வர். மூன்றாவதை மறந்துவிடுவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த மூன்றாவதே முதலில் நினைவுக்கு வரவேண்டியதாகும்.

இவ்வகை இணைப்பு குடாநாட்டுக்குப் புதியதன்று. 1974-ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி, 1979-இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையினர், பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன் முதலானோர், சூரியக்கலங்களைப் பற்றிப் பல ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டுள்ளனர். வெள்ளைப் பூச்சுமைகளில் சேர்க்கப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் பொருளையும், மின்கடத்தும் பல்பகுதியம் ஒன்றையும் மெல்லிய படலங்களாகப் படிய வைத்து, சூரிய ஒளியை மின்னாக மாற்றும் கலங்களை ஆக்குவது அவ்வாய்வுகளின் ஒரு பகுதி. அக்கட்டுரைகளில் அளவீட்டு முறையைக் கூறும் இடத்தில், கணினியால் இயக்கப்படும் கீத்லி 2400 என்னும் கருவி குறிப்பிடப்படுகின்றது. கீத்லி என்பது அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1946-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். அக்கருவி ஒரே பெட்டிக்குள் இருந்துகொண்டு மின்னழுத்தத்தைக் கொடுக்கவும் செய்யும். அதனால் ஓடும் மின்னோட்டத்தை அளக்கவும் செய்யும்.

இதற்குக் கணினி எதற்கு என்று கேட்கலாம். உயர்தர வகுப்பு மாணாக்கர் இறையோதற்று ஒன்றும் வோல்ற்றுமானி ஒன்றும் அம்பியர்மானி ஒன்றும் வைத்து இதே பரிசோதனையைச் செய்வதில்லையா? செய்கின்றனர். ஆயின் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. பூச்சியத்திலிருந்து 0.6 வோல்ற்று வரை, 0.02 வோல்ற்றுக்கு ஒரு முறையாக அளந்தால் 31 வாசிப்புகள் வரும். இறையோதற்றை நகர்த்தி, முள் அசையாது நிற்கும்வரை பொறுத்து, ஒருவர் சொல்ல மற்றவர் எழுத, ஒரு வாசிப்புக்கு அரை நிமிடம் செல்லும் எனக் கொண்டால், எல்லாவற்றுக்கும் கால்மணி நேரத்துக்கு மேலாகும். அத்தனை நேரமும் கலம் விளக்கின்கீழ் இருக்கின்றது, வெப்பமடைகின்றது. வெப்பம் ஏற ஏறச் சூரியக்கலத்தின் மின்னழுத்தம் குறையும். எனவே முதல் வாசிப்பு ஒரு கலத்துக்கும், முப்பத்தோராவது வாசிப்பு வேறொரு கலத்துக்கும் உரியவை போல ஆகிவிடுகின்றன. பல்பகுதியக் கலங்களோ காற்றும் ஒளியும் பட்டே மெல்லமெல்லக் கெடும் இயல்பின. மாணாக்கர் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், அவர்கள் வரையும் வளைகோட்டில் பிழை கலந்தே இருக்கும். கணினி இயக்கும்போது இதே 31 வாசிப்புகளும் சில வினாடிகளில் முடிகின்றன. கலம் வெப்பமடைவதற்குள் அளவீடு முடிந்துவிடும். மறுநாளும் அடுத்த கிழமையும் அதே படிகளில், அதே இடைவெளியில் அளக்கலாம். கலம் எத்தனை நாளில் எவ்வளவு நலிந்தது என்பதை அப்போதுதான் ஐயமின்றிச் சொல்லமுடியும்.

விரைவே எப்போதும் நன்மை என்று கொள்வதும் தவறு. சிலவகைக் கலங்களில், குறிப்பாகப் பெரோவ்சுகைற்றுக் கலங்களில், அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு அளந்தால் ஒரு வளைகோடும், இறக்கிக்கொண்டு அளந்தால் இன்னொரு வளைகோடும் கிடைக்கும். கலத்தினுள் உள்ள அயன்கள் இடம்பெயர்ந்து அமைதியடைய நேரம் வேண்டும். அதற்குள் அளந்துவிட்டால் கிடைப்பது பொய்க்கணக்கு. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும் என்பதைக் கணினி அறியாது. அதனை அறிந்து நிரலில் எழுதவேண்டியவர் மனிதரே.

இனி, கருவியும் கணினியும் எங்ஙனம் பேசிக்கொள்கின்றன என்பது. 1960-களின் பிற்பகுதி வரை, ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் வெவ்வேறு செருகி, வெவ்வேறு கம்பி ஒழுங்கு என்ற நிலை இருந்தது. ஒரு கருவிக்கு எழுதிய ஏற்பாடு இன்னொன்றுக்கு உதவாது. அமெரிக்காவின் ஹியூலற்-பக்கார்ட் நிறுவனம் தன் கருவிகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் இணைப்பை வகுத்தது. 1975-இல் மின்பொறியியலாளர் சங்கமாகிய ஐ.ஈ.ஈ.ஈ. அதனை 488 என்னும் எண்ணுடைய நியமமாக ஏற்றது. ஜி.பி.ஐ.பி. என்று இன்று வழங்குவது அதுவே. அதன் செருகிக்கு 24 ஊசிகள். அவற்றுள் எட்டுக் கம்பிகள் செய்தியைச் சுமப்பன. மூன்று கம்பிகள் கைகோத்தலுக்கு. ஐந்து ஒழுங்கு காப்பதற்கு. எஞ்சிய எட்டும் நிலத்தொடுப்பும் காப்புறையுமாம். கணினி உட்படப் பதினைந்து கருவிகள் வரை ஒரே தொடரில் இணைக்கலாம். வடத்தின் மொத்த நீளம் 20 மீற்றருக்கு மேற்படலாகாது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம், வீட்டு இலக்கம் போன்றது. கீத்லி 2400 தொழிற்சாலையிலிருந்து 24 என்ற இலக்கத்தோடு வெளிவரும்.

கைகோத்தலுக்குரிய அந்த மூன்று கம்பிகளின் வேலையை, வகுப்பறையில் சொல்வதெழுதல் நடத்திய எந்த ஆசிரியரும் உடனே விளங்கிக்கொள்வார். சொல்வதெழுதலில் ஆசிரியர் முதலில் எல்லாரும் பேனாவை எடுத்துவிட்டார்களா என்று பார்ப்பார். ஒரு பிள்ளை ஆயத்தமில்லையெனினும் பொறுப்பார். பின்னர் ஒரு சொல்லைச் சொல்வார். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் எழுதி முடித்துத் தலை நிமிரும்வரை அடுத்த சொல் வராது. இவ்விணைப்பிலும் ஒரு கம்பி ‘இன்னும் ஆயத்தமில்லை’ என்பதைக் காட்டும். ஒரு கம்பி ‘செய்தி இதோ’ என்பதைக் காட்டும். ஒரு கம்பி ‘இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை’ என்பதைக் காட்டும். கேட்கும் கருவிகளுள் யாதேனும் ஒன்று கம்பியைப் பிடித்துவைத்திருந்தாலும் போதும், பேசுவோன் மேற்செல்ல இயலாது. ஆக மிக மெதுவாகக் கேட்பதன் வேகமே எல்லாவற்றின் வேகமுமாகும். அரை நூற்றாண்டு கடந்தும் இந்த நியமம் வழக்கொழியாதிருப்பதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம் எனலாம்.

எழுத்துக்கள் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. சொற்களுக்குப் பொதுவான பொருளும் வேண்டுமல்லவா? ஒரு நிறுவனத்தின் கருவிக்கு ஒரு மொழியும் மற்றொன்றுக்கு வேறொரு மொழியுமாக இருந்த குறையை 1987-இல் வந்த திருத்தமும், 1990-இல் கருவி நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த ஸ்கிப்பி என்னும் கட்டளை மொழியும் பெரும்பாலும் தீர்த்தன. இணைப்பைக் கொடுத்தவுடன் கணினி அனுப்பவேண்டிய முதல் வினா, ‘நீ யார்?’ என்பதாகும். கருவி தன்னை ஆக்கியவர் பெயர், மாதிரி எண், தொடர் எண், உள்நிரலின் பதிப்பு ஆகிய நான்கையும் விடையாகத் தரும். இதனைக் கேளாமலே வேலையைத் தொடங்குவோர் உளர். இலக்கம் மாறிய வேறொரு கருவிக்குக் கட்டளை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொலைவிலிருந்து ஆணை வரும்போது கருவியின் முகப்பில் அதனைக் காட்டும் சிறு குறி ஒளிரும். முகப்பிலுள்ள பொத்தான்கள் பெரும்பாலும் செயலற்றுவிடும். அருகில் நிற்பவர் கைக்கு அதிகாரம் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். 20 மீற்றர் வடத்தால் பிணைக்கப்பட்டிருந்த காலத்தில் இதனால் பெரிய இடர் இல்லை. கணினிக்கு முன்னால் இருப்பவர் எழுந்து நான்கு அடி நடந்தால் ஆளியை அணைத்துவிடலாம். இப்பொழுது வரும் கருவிகள் பல வலையமைப்பு வடத்தை நேரே ஏற்கின்றன. கருவி திருநெல்வேலியில் இருக்க, ஆணை கொழும்பிலிருந்தோ நோர்வேயிலிருந்தோ வரலாம். நான்கு அடி என்பது நாலாயிரம் மைலாகிவிட்டது. கருகும் வாடை இணையத்தின் வழியே வராது.

இவ்விடத்தில்தான் துலாவடியின் மூன்றாவது விதி வேண்டப்படுகின்றது. அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும் கருவி ஒன்றின் வடம் நடுவில் அறுந்துபோனால், பல கருவிகள் இறுதியாகப் பெற்ற கட்டளையையே நிறைவேற்றிக்கொண்டிருக்கும். ‘அணை’ என்ற சொல் வரவில்லை, ஆதலின் அணையாது. கலம் அழுத்தத்தின்கீழ் இரவு முழுவதும் கிடக்கும். ஆய்வாளர் மறுநாள் காலையில் வந்து காண்பது ஆறுமாத உழைப்பின் சாம்பலாக இருத்தலும் கூடும்.

இதற்குரிய காப்புகள் அரியன அல்ல. முதலாவது, மின்னோட்டத்துக்கு எல்லை வகுத்தல். எவ்வளவு அழுத்தம் கேட்கப்பட்டாலும் இத்தனை மில்லி அம்பியருக்கு மேல் விடாதே என்று கருவிக்கே சொல்லிவைக்கலாம். இந்த எல்லையை இடாமல் மாதிரியை இணைத்தல், நீந்தத் தெரியாத பிள்ளையைக் கீரிமலைக் கேணியடியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவதை ஒக்கும். அடுத்தது, படிப்படியாக ஆணையிடுவதை விட்டு, 31 படிகளையும் ஒரே கட்டளையாகக் கருவியின் நினைவில் ஏற்றி, முடிந்தவுடன் வெளியீட்டைத் தானே அணைத்துக்கொள்ளுமாறு பணித்தல். இவ்வசதி கீத்லி 2400-இலும் உண்டு. இடையில் வடம் அறுந்தாலும் கருவி தொடங்கிய வேலையை முடித்து அணைந்து நிற்கும். அளவீடுகளும் பெரும்பாலும் அதன் நினைவில் காத்திருக்கும். காவல் கடிகாரம் என்பது மற்றொன்று. இத்தனை வினாடிக்குள் கணினியிடமிருந்து ஒரு சொல்லும் வராவிட்டால் வெளியீட்டை அணை என்னும் ஏற்பாடு அது. அவ்வேற்பாடு இல்லாத கருவிக்கும் மாதிரிக்கும் இடையில், நேரம் கணிக்கும் சிறு அஞ்சல் ஆளி ஒன்றை வைத்து அதே பயனைப் பெறலாம்.

மின்தடை இன்னொரு வகை அறுதல். மின் போய் மீண்டும் வரும்போது கருவி பழைய இடத்திலிருந்து தொடரலாகாது. அணைந்த நிலையிலேயே விழிக்கவேண்டும். மேற்சொன்ன கருவி அவ்வாறே விழிக்கும். கணினியோ விழித்தவுடன், தான் விட்ட இடத்தில் கருவி இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஆணையிடத் தொடங்கினால் குழப்பமே விளையும். ‘நீ யார்?’ என்ற வினாவிலிருந்து மறுபடியும் தொடங்கச் செய்தல் வேண்டும்.

தொடர்பு அறுதல் என்பது குடாநாட்டினருக்கு நூலில் படித்த செய்தியன்று. 1990-இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. 2013-இல் சுன்னாகம் வரை மின்வழி மீண்டும் வரும்வரை அந்தத் தொடர்பு இல்லை. 1990-களின் முற்பகுதியில் பிள்ளைகள் யாம் போத்தல் விளக்கில் படித்தனர். தடைசெய்யப்பட்ட பொருள்களுள் உலர்மின்கலமும் ஒன்றாகையால், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, தைனமோவில் எழும் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டனர். சுற்றுபவர் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவர் குரலும் ஓயும். அந்த ஆண்டுகளில் குடாநாட்டார் செய்தவை யாவும், மறுமுனையிலிருந்து சொல் வராதபோது இம்முனையில் என்ன செய்வது என்னும் வினாவுக்கு விடைகளே. ஆய்வுகூடத்துக்குக் கருவி வாங்கும்போது அதன் நுண்மையையும் விலையையும் மட்டும் கேளாது, இணைப்பு அறுந்தால் இது என்ன செய்யும் என்று கேட்கும் வழக்கம் வேறெங்கும் இல்லாவிடினும் இங்கு இருக்கவேண்டும்.

மிகத் தொலைவில் உள்ள கருவி ஒன்றின் கதை இதனை விளக்கும். 1977-ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஏவப்பட்ட வொயேஜர் 2 என்னும் விண்கலத்துக்கு, 2023 யூலை 21-ஆம் தேதி அனுப்பப்பட்ட கட்டளைத் தொடர் ஒன்றில் தவறு நேர்ந்துவிட்டது. கலத்தின் வானலைவாங்கி பூமியை நோக்காமல் இரண்டு பாகை விலகிப்போயிற்று. கலம் அப்போது ஏறத்தாழ 1,990 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. பேச்சு நின்றுவிட்டது. ஆயின் அதனை ஆக்கியவர்கள், ஆண்டில் சில தடவை ஒருவரும் சொல்லாமலே தன் வானலைவாங்கியைப் பூமியின் பக்கம் திருப்பிச் சரிசெய்துகொள்ளுமாறு அதற்குக் கற்பித்திருந்தனர். அடுத்த முறை ஒக்டோபர் 15-ஆம் தேதி. ஆதலின் பொறியியலாளர் மனந்தளரவில்லை. ஒக்டோபர் வரை பொறுக்கவும் நேரவில்லை. அவுஸ்திரேலியாவில் கன்பராவுக்கு அருகிலுள்ள பெரிய வானலைவாங்கியிலிருந்து வலுவாக அனுப்பிய கட்டளை பதினெட்டரை மணி நேரம் சென்று கலத்தை எட்டியது. ஓகத்து 4-ஆம் தேதி தொடர்பு மீண்டது. தவறான கட்டளை யாராலும் நேரக்கூடியது. அரைநூற்றாண்டுக்கு முன்பே அதனை எதிர்பார்த்து வைத்த முன்யோசனைதான் வியக்கத்தக்கது.

இவை யாவும் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடவேண்டிய செய்திகளா? 1998-இல் அமெரிக்காவின் மசாசுசெற்சு தொழில்நுட்பக் கழகத்தில், குறைகடத்திச் சாதனங்களை அளக்கும் விலையுயர்ந்த கருவி ஒன்றைக் கணினியோடு இணைத்து, மாணாக்கர் தத்தம் அறையிலிருந்தே இயக்க வழி செய்தனர். ஒரே கருவி, இரவும் பகலும் வேலை, ஒருவர் பின் ஒருவராகப் பலர். நெடுந்தீவில் உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான உதவி வேறில்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம் செல்லவேண்டிய ஊர் அது. கடல் பொங்கும் வாடைக்காலத்தில் அதுவும் உறுதியன்று. திருநெல்வேலியிலுள்ள கருவி ஒன்றுக்குத் தீவிலிருந்து ஆணை அனுப்பி, சூரியக்கலத்தின் வளைகோட்டைத் தன் கண்முன் வரையச் செய்தல் அப்பிள்ளைக்கு இன்று எட்டாத செயலன்று.

ஆயினும் தொலைவிலிருந்து பார்ப்பது கையால் செய்வதற்கு ஈடாகிவிடாது. இறையோதற்றின் சுருள் சுடும் என்பதை விரல் அறியவேண்டும். கம்பியை மாற்றி முடுக்கினால் முள் பின்னோக்கிப் பாயும் என்பதைக் கண் அறியவேண்டும். இவ்வறிவில்லாதவர் நிரலில் மின்னோட்ட எல்லையை எழுத மறப்பதில் வியப்பில்லை. ஆதலால் பாடசாலையில் சிறு கருவி ஒன்றேனும் இருத்தல் வேண்டும். புதுடில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் 2004-இல் தொடங்கிய பீனிக்ஸ் திட்டத்தின் வழிவந்த ‘எக்ஸ்பைஸ்’ என்னும் பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கையில் அடங்கும் அளவு, கணினியின் யூ.எஸ்.பி. வாயிலிலிருந்தே மின்னைப் பெறும். அலைகாட்டியாகவும் அழுத்தம் கொடுக்கும் முதலாகவும் வேலை செய்யும். அதன் சுற்று வரைபடமும் நிரலும் யாவர்க்கும் திறந்துள்ளன. பெருங்கருவிக்கு அனுப்பும் கட்டளைகளின் முறையையே இதிலும் பழகலாம்.

இவ்வகைப் பெட்டி ஒன்று கிடைக்கும் பாடசாலையில், விஞ்ஞான ஆசிரியர் முதல் நாளே வளைகோடு வரையத் தொடங்கவேண்டியதில்லை. மாதிரி இருக்கவேண்டிய இடத்தில், தடை ஒன்றோடு சேர்த்துச் சிறு ஒளிகாலும் இருவாயி ஒன்றை இணைக்கலாம். கணினியிலிருந்து ஆணையிட்டு அதனை ஒளிரச் செய்து, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனை இடையில் நிறுத்தி, விளக்கு அணைகின்றதா, அணையாது நிற்கின்றதா, அணைந்தால் எத்தனை வினாடியில் என்பதை மாணாக்கரையே குறிக்கச் செய்யலாம். அணையாது நின்றால், அணைவதற்கு நிரலில் எவ்வரி வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எழுதுவித்து, மறுபடியும் நிறுத்திப் பார்க்கலாம்.